வில்சன் ஜோன்ஸ்: மூன்று தோல்விகளுக்குப் பின் இந்தியாவுக்கு முதல் உலகப் பட்டத்தைத் தந்த பில்லியர்ட்ஸ் வீரர்

பெங்களூரு: பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர் என்றதும் இந்திய விளையாட்டு ஆர்வலர்களுக்கு முதலில் நினைவுக்கு வரும் நகரம் பெங்களூரு. 28 உலகப் பட்டங்களை வென்ற பங்கஜ் அத்வானி இந்நகரின் மேஜைகளில் ஆட்டம் பழகியவர். மகளிர் பில்லியர்ட்ஸில் 2006, 2007ஆம் ஆண்டுகளில் உலகப் பட்டம் வென்ற சித்ரா மகிமைராஜும் இங்கிருந்து சென்றவரே. கர்நாடக மாநில பில்லியர்ட்ஸ் சங்கத்தின் அரங்கில் தொடங்கி, இளைஞர்கள் மாலையில் கூடும் பூல் பார்லர்கள் வரை, கையில் கியூவுடன் மேஜை மீது குனிந்து நிற்போரை நகரமெங்கும் காணலாம். ஆயினும் இந்தப் பாதையை இந்தியர்களுக்கு முதலில் திறந்துவிட்டவர் பெங்களூருவைச் சேர்ந்தவர் அல்லர். புனேயில் பிறந்து, பம்பாயில் வாழ்ந்து மறைந்த ஆங்கிலோ இந்தியரான வில்சன் ஜோன்ஸ் அவர்.

1958ஆம் ஆண்டு கொல்கத்தாவில் நடைபெற்ற உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் போட்டியில் அவர் வாகை சூடினார். சுதந்திர இந்தியாவுக்குத் தனிநபர் விளையாட்டில் கிடைத்த முதல் உலகச் சாம்பியன் பட்டமாக அது போற்றப்படுகிறது. அதே ஆண்டில் கார்டிஃப் நகரில் காமன்வெல்த் தங்கம் வென்ற மில்கா சிங்கை நாடு இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. ஜோன்ஸின் பெயரைக் கேட்டால் இன்றைய இளைஞர்களில் பலர் விழிக்கின்றனர். பில்லியர்ட்ஸ் மேஜையைச் செல்வந்தர் மாளிகையில் வில்லன் ஆடும் பொழுதுபோக்காகவே திரைப்படங்களில் பார்த்துப் பழகிய தமிழ் ரசிகர்களைக் குறை சொல்வதற்கும் இல்லை.

வில்சன் லயனல் கார்ட்டன் ஜோன்ஸ் 1922ஆம் ஆண்டு மே 2ஆம் தேதி புனேயில் பிறந்தார். அந்நகரின் பிஷப்ஸ் பள்ளியிலும் செயின்ட் வின்சென்ட் பள்ளியிலும் பயின்றார். ராணுவக் குடியிருப்புகளும் ஆங்கிலேயர் கிளப்களும் நிறைந்த நகரம் அது. அக்காலத்தில் பில்லியர்ட்ஸ் பெரும்பாலும் கிளப்களின் சுவர்களுக்குள் அடைபட்டுக் கிடந்தது. இந்த விளையாட்டுக்கும் இந்திய மண்ணுக்கும் உள்ள உறவு பழமையானது. ஸ்னூக்கர் ஆட்டம் 1875இல் ஜபல்பூரில் ராணுவ அதிகாரி நெவில் சேம்பர்லெய்ன் என்பவரால் உருவாக்கப்பட்டதாகவும், அதன் விதிகள் 1882இல் உதகமண்டலத்தில் உள்ள ஊட்டி கிளப்பில் எழுதி ஒட்டப்பட்டதாகவும் வரலாறு கூறுகிறது. கிளப்களில் ஒவ்வொரு மேஜைக்கும் மார்க்கர் என்ற பணியாளர் இருப்பார். புள்ளிகளைக் குறிப்பது, கியூ முனைக்குச் சாக்பீஸ் எடுத்துத் தருவது, ஆள் இல்லாத வேளையில் உறுப்பினருக்கு எதிரே நின்று ஆடுவது எல்லாம் அவர் வேலை. இந்தியாவில் பலருக்கு முதல் பயிற்சியாளராக இருந்தவர்கள், பெயர் எங்கும் பதிவாகாத அந்த மார்க்கர்கள்தாம்.

நாடு விடுதலை பெற்ற பின்னர் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பல பிரிட்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் குடிபெயர்ந்தன. ஜோன்ஸ் இந்தியாவிலேயே தங்கினார். 1948இல் தேசிய ஸ்னூக்கர் சாம்பியன் ஆனார். 1950இல் தேசிய பில்லியர்ட்ஸ் பட்டத்தை முதன்முறையாகக் கைப்பற்றினார். அதன் பிறகு 1966 வரையிலான 17 ஆண்டுகளில் 12 முறை பில்லியர்ட்ஸ் பட்டமும், மொத்தமாக 5 முறை ஸ்னூக்கர் பட்டமும் அவர் வசமாயின. எதிராளிகள் எளியவர்கள் அல்லர். டி.ஏ. செல்வராஜ் அக்கால ஸ்னூக்கர் சாம்பியன்களுள் ஒருவர். இலங்கையிலிருந்து வந்து ஆடிய எம்.ஜே.எம். லாஃபிர் 1950களின் பிற்பகுதியில் இந்திய ஸ்னூக்கர் பட்டத்தையே மும்முறை தட்டிச் சென்றவர். அதே லாஃபிர் 1973இல் பம்பாயில் உலக பில்லியர்ட்ஸ் பட்டத்தையும் வென்று, இலங்கையின் முதல் உலகச் சாம்பியன் என்ற பெருமையைப் பெற்றார்.

உள்நாட்டில் அசைக்க முடியாதவராக இருந்த ஜோன்ஸ், உலக அரங்கில் தடுமாறினார். 1951இல் லண்டனில் நடைபெற்ற உலகப் போட்டியில் பட்டம் ஆஸ்திரேலியாவின் பாப் மார்ஷலுக்குச் சென்றது. அடுத்த ஆண்டு போட்டி கொல்கத்தாவுக்கே வந்தது. சொந்த நாட்டு ரசிகர்கள் சூழ்ந்திருந்தும் கோப்பை இங்கிலாந்தின் லெஸ்லி டிரிஃபீல்டுடன் கடல் கடந்தது. 1954இல் சிட்னியில் ஆஸ்திரேலியாவின் டாம் கிளியரி வென்றார். மூன்று முயற்சிகள், மூன்று தோல்விகள். தேசியச் சாம்பியனுக்கும் உலகச் சாம்பியனுக்கும் இடையே உள்ள தொலைவு எவ்வளவு என்பதை அந்த ஆண்டுகள் அவருக்குக் காட்டின.

அந்தத் தொலைவு எத்தகையது என்பதை அறிய, ஆட்டத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும்.

பில்லியர்ட்ஸ் மேஜை 12 அடி நீளமும் 6 அடி அகலமும் கொண்டது. பார்லர்களில் காணப்படும் பூல் மேஜையைவிட மிகப் பெரியது. ஸ்னூக்கரில் 22 பந்துகள் இருக்க, பில்லியர்ட்ஸில் இருப்பவை மூன்றே மூன்று. ஆட்டக்காரர்கள் இருவருக்கும் ஆளுக்கு ஒரு பந்து, பொதுவாக ஒரு சிவப்புப் பந்து. தன் பந்தால் மற்ற இரண்டையும் தொட்டால் கேனன். அதற்கு 2 புள்ளிகள். சிவப்பைக் குழியில் தள்ளினால் 3, எதிராளியின் பந்தைத் தள்ளினால் 2. தன் பந்து சிவப்பின் மீது பட்டுத் தானே குழியில் விழுந்தால் அது இன்-ஆஃப்; அதற்கும் 3 புள்ளிகள். எதிராளியின் பந்தில் பட்டு விழுந்தால் 2. ஸ்னூக்கரிலும் பூலிலும் வெள்ளைப் பந்து குழியில் விழுவது குற்றம். பில்லியர்ட்ஸில் அதுவே வருமானம். பூல் பழகியவர்கள் பில்லியர்ட்ஸுக்கு வரும்போது மனத்தளவில் தடுமாறும் முதல் இடம் இதுதான்.

புள்ளி எடுத்துக்கொண்டே இருக்கும் வரை ஆட்டம் கை மாறாது. இடைவிடாமல் சேரும் இந்தப் புள்ளித் தொடருக்கு பிரேக் என்று பெயர். குறிப்பிட்ட நேரத்துக்குள் யார் அதிகப் புள்ளி சேர்க்கிறாரோ அவரே வெற்றியாளர் என்ற முறையில் ஆடும்போது, ஒருவர் பெரிய பிரேக் எடுத்தால் எதிராளி நாற்காலியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். திறமை இருந்தும் அதைக் காட்ட வாய்ப்பே கிடைக்காமல் தோற்பது பில்லியர்ட்ஸுக்கே உரிய கொடுமை. ஆகவே கடினமான ஓர் அடியை அற்புதமாக அடிப்பவரைவிட, எளிய அடியை நூறு முறை அடித்தாலும் தவறவிடாதவரே இந்த ஆட்டத்தில் பெரியவர்.

இதனால் பயிற்சியும் வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சலிப்பூட்டும் வகையில்தான் அமைகிறது. ஆரம்பநிலைப் பயிற்சியில் வேறு பந்தே தேவையில்லை. கீழ்ப்பகுதியில் உள்ள டி வடிவ வளைவின் நடுப்புள்ளியில் பந்தை வைத்து, மேஜையின் நடுக்கோட்டில் உள்ள புள்ளிகள் அனைத்தின் மீதும் உருண்டு செல்லுமாறு அடிக்க வேண்டும். மேல் குஷனில் மோதித் திரும்பும் பந்து, நீட்டிய நிலையிலேயே இருக்கும் கியூ முனைக்கு வந்து சேர வேண்டும். சற்று விலகி வந்தால் கியூ பந்தின் நடுவில் படவில்லை என்று பொருள். கை, தோள், தாடை, கியூ ஆகியவை ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்பதை இதைவிட நேர்மையாகச் சொல்லும் ஆசான் இல்லை. ஸ்னூக்கர், பூல் ஆடுவோருக்கும் இதே பயிற்சி பொருந்தும்.

அடுத்தது இன்-ஆஃப். சிவப்புப் பந்தை மேஜையின் மையப் புள்ளியில் வைத்து, டி-யிலிருந்து அடித்துத் தன் பந்தை மேல் மூலைக் குழியில் விழச் செய்வது ஒரு பயிற்சி. பந்தின் சரிபாதியைக் குறி வைப்பது இதன் அடிப்படை. அதாவது, கியூவின் நேர்கோடு சிவப்புப் பந்தின் ஓரத்தைத் தொட்டுச் செல்ல வேண்டும். அவ்வாறு பட்டால், இயல்பாக உருளும் பந்து தன் பாதையிலிருந்து சுமார் 33 டிகிரி விலகிச் செல்லும். குறி மயிரிழை பிசகினாலும் இந்தக் கோணம் அதிகம் மாறுவதில்லை என்பது பௌதிகம் தந்த சலுகை. அதனால்தான் பழைய ஆசான்கள் பாதிப்பந்து அடியைப் பில்லியர்ட்ஸின் அரிச்சுவடியாகக் கருதினர். அந்த ஒரு கோணத்தைக் கண் பழகிவிட்டால் மேஜையில் எந்த இடத்தில் பந்து நின்றாலும் வழி தெரியும்.

இன்-ஆஃப் விழுந்ததும் ஆட்டக்காரரின் பந்து மீண்டும் கைக்கு வந்துவிடுகிறது. அதை டி-க்குள் விருப்பமான இடத்தில் வைத்துக்கொள்ளலாம். எனவே கவலைப்பட வேண்டியது ஒன்றே: சிவப்பு எங்கே போய் நிற்கும்? நடுக்குழி இன்-ஆஃப் பயிற்சியின் சாரம் இதுதான். சிவப்புப் பந்து மேலே சென்று மேல் குஷனில் மோதி, மீண்டும் மேஜையின் நடுப்பகுதிக்கே இறங்கி வர வேண்டும். வேகம் கூடினால் டி-யை நோக்கி ஓடிவிடும். குறைந்தால் மேலேயே தங்கிவிடும். சரியான வேகம் கைக்குப் பிடிபட்டால், அதே அடியை அதே இடத்திலிருந்து மறுபடியும் அடிக்கலாம், மறுபடியும் அடிக்கலாம். 34 இன்-ஆஃப்களில் 100 புள்ளிகளைத் தாண்டலாம் என்பது கணக்கு. விதி அவ்வளவு தாராளமாக விடுவதில்லை. இன்றைய விதிப்படி தொடர்ந்து 15 முறைக்கு மேல் குழி அடிகளையே நம்பியிருக்க முடியாது; இடையே ஒரு கேனன் வேண்டும்.

உலகத் தரத்தில் பெரிய பிரேக்குகள் பிறப்பது மேஜையின் மேல்முனையில். சிவப்பு தன் புள்ளியிலும், எதிராளியின் பந்து அதற்குப் பின்னால் மேல் குஷனுக்கு அருகிலும் நிற்க, ஆட்டக்காரர் ஒருமுறை சிவப்பைக் குழியில் தள்ளுவார். மறுமுறை கேனன் எடுப்பார். குழியில் விழும் சிவப்பு ஒவ்வொரு முறையும் அதே புள்ளிக்குத் திரும்பி வந்துவிடும். இரண்டு அடிகளுக்கு 5 புள்ளிகள். 40 அடிகளில் 100. பந்துகள் நகரும் தூரம் சாண் கணக்கில்தான். பார்ப்பதற்கு ஒன்றுமே நடக்காதது போல் தோன்றும். ஆனால் எதிராளியின் பந்து இரண்டு அங்குலம் தவறாக நகர்ந்தால் தொடர் அறுந்துவிடும். ஜோன்ஸ் எதிர்கொண்ட பாப் மார்ஷல் இந்த மேல்முனை ஆட்டத்தில் கரைகண்டவர். போருக்கு முன்பே இருமுறை உலகப் பட்டம் வென்று, 1962 வரை மொத்தம் நான்கு பட்டங்களைச் சேர்த்தவர் அவர்.

இத்தகையவர்களை வெல்வதற்கு உள்நாட்டு வெற்றிகள் போதாது. எதிரே ஆள் இல்லாதபோதும் மேஜையோடு தனியே மல்லுக்கட்டும் பொறுமை தேவை. அரசின் பயிற்சி மையமோ, வெளிநாட்டுப் பயிற்சியாளரோ, காணொளியோ இல்லாத காலம். பரிசுத்தொகையும் இல்லை, அமெச்சூர் வீரர் என்ற சொல்லுக்கே காசு வாங்காமல் ஆடுபவர் என்றுதான் பொருள்.

1958இல் உலகப் போட்டி மீண்டும் கொல்கத்தாவுக்கு வந்தது. கிரேட் ஈஸ்டர்ன் ஹோட்டலில் மேஜை அமைக்கப்பட்டது. ஆறு ஆண்டுகளுக்கு முன்பு இதே நகரில் கோப்பையை எடுத்துச் சென்ற டிரிஃபீல்டும் களத்தில் இருந்தார். இம்முறை கோப்பை இந்தியாவிலேயே தங்கியது. ஜோன்ஸுக்கு அப்போது வயது 36. மற்ற விளையாட்டுகளில் ஓய்வு பெறும் வயதில் அவர் உலகத்தின் உச்சிக்கு ஏறினார்.

வென்ற பட்டத்தைத் தக்கவைப்பது எளிதாக இருக்கவில்லை. 1960இல் எடின்பரோவில் இங்கிலாந்தின் ஹெர்பர்ட் பீதம் சாம்பியன் ஆனார். 1962இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மார்ஷல் மீண்டும் அரியணை ஏறினார். 1958இன் வெற்றி சொந்த மண்ணின் துணையால் கிடைத்தது என்று எவரேனும் கருதியிருந்தால், அதற்கான விடை 1964இல் நியூசிலாந்தின் புகேகோஹே என்ற சிற்றூரில் கிடைத்தது. இந்தியாவிலிருந்து பல்லாயிரம் கிலோமீட்டர் தொலைவில், பழகாத மேஜையில், குளிர்ந்த நாட்டில், 42 வயது ஜோன்ஸ் இரண்டாவது முறையாக உலகச் சாம்பியன் ஆனார். இரண்டு பட்டங்களில் பெரியது எது என்று கேட்டால் இதுவே என்று தோன்றுகிறது. முதலாவது வரலாற்றில் இடம்பிடித்தது என்றால், இரண்டாவது அவரை எந்த மேஜையிலும் வெல்லத்தக்கவராக நிறுவியது.

அர்ஜுனா விருது பெற்ற முதல் பில்லியர்ட்ஸ் வீரர் அவரே. 1965இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 1966இல் தம் பன்னிரண்டாவது தேசிய பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்றபின் போட்டிகளிலிருந்து விலகினார்.

பல சாம்பியன்களின் வரலாறு இந்த இடத்தில் முடிந்துவிடும். ஜோன்ஸ் பயிற்சியாளராக மேஜைக்குத் திரும்பினார். உலகச் சாம்பியனாக இருந்த ஒருவர், பதின்வயதுச் சிறுவன் பத்தாவது முறையாகத் தவறவிடும் எளிய இன்-ஆஃபை அருகில் நின்று பார்ப்பதற்குத் தனிப் பொறுமை வேண்டும். 1984இல் டப்ளினில் உலக அமெச்சூர் ஸ்னூக்கர் பட்டம் வென்ற முதல் இந்தியரான ஓம் அகர்வால், பின்னர் தேசிய, சர்வதேச அரங்கில் ஒளிர்ந்த அசோக் சாண்டில்யா உள்ளிட்டோர் அவரிடம் பயின்றவர்களாகக் குறிப்பிடப்படுகின்றனர். இப்பணிக்காக 1996இல் துரோணாச்சார்யா விருது அவரைத் தேடி வந்தது. ஓய்வு பெற்று 30 ஆண்டுகள் கழித்து, 74 வயதில் கிடைத்த அங்கீகாரம் அது.

அவர் விட்டுச் சென்ற இடத்தை நிரப்ப ஆட்கள் வந்தனர். மைக்கேல் ஃபெரைரா 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளில் உலக அமெச்சூர் பட்டங்களை வென்றார். அவரைத் தொடர்ந்து கீத் சேத்தி வந்தார். ஆனால் விளையாட்டின் நிலை மாறிக்கொண்டிருந்தது. வண்ணப் பந்துகளும் தொலைக்காட்சியும் கைகோத்த ஸ்னூக்கர் உலகெங்கும் பரவியது. மூன்று பந்துகளோடு நிதானமாக நகரும் பில்லியர்ட்ஸ் ஓரங்கட்டப்பட்டது. பிரிட்டனிலேயே மங்கிப்போன இந்த ஆட்டத்தை உயிரோடு வைத்திருக்கும் நாடுகளில் இந்தியாவே முதன்மையானது என்றால் அது மிகையாகாது. அதில் ஜோன்ஸுக்கு உள்ள பங்கு கணிசமானது.

2003ஆம் ஆண்டு அக்டோபர் மாதத் தொடக்கத்தில், 81ஆவது வயதில், வில்சன் ஜோன்ஸ் மும்பையில் காலமானார். அந்நகரின் கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவில் உள்ள பில்லியர்ட்ஸ் அரங்கம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அதே அக்டோபர் மாதத்தின் இறுதி வாரத்தில், சீனாவின் ஜியாங்மென் நகரில், 18 வயதேயான ஓர் இளைஞர் உலக அமெச்சூர் ஸ்னூக்கர் பட்டத்தை வென்றார். ஜோன்ஸைப் போலவே புனேயில் பிறந்து, சிறுவயதில் பெங்களூருவுக்கு வந்து, அங்கே அரவிந்த் சவூரின் பயிற்சியில் வளர்ந்த பங்கஜ் அத்வானிதான் அவர். இரண்டு ஆண்டுகள் கழித்து மால்டாவில் உலக பில்லியர்ட்ஸ் பட்டங்களும் அவருக்குக் கிடைத்தன. 2008இல் உலக பில்லியர்ட்ஸ் போட்டி பெங்களூருவிலேயே நடைபெற்றபோது, நேர அடிப்படையிலான ஆட்டம், புள்ளி அடிப்படையிலான ஆட்டம் ஆகிய இரண்டு பிரிவுகளிலும் அவரே சாம்பியன். 1958இல் கொல்கத்தா ரசிகர்களுக்குக் கிடைத்த காட்சி, சொந்த ஊர் மேஜையில் சொந்த ஊர்க்காரர் உலகப் பட்டம் ஏந்தும் காட்சியாக, பெங்களூரு ரசிகர்களுக்கும் வாய்த்தது.